வெள்ளைப் பொடிக்கு இருபத்தெட்டு நாள்

ஆடி 1, புதன்

ஆடி பிறக்கிற அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் புது வேலை எதுவும் தொடங்க மாட்டார்கள். மதினியிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு என்னத்துக்கு நாள் பாக்கணும்? அவங்க கூப்பிட்ட அன்னைக்குப் போ" என்றாள். வந்துவிட்டேன். சென்னை, நாலாவது மாடி, மூன்றாம் நம்பர் கட்டில். கண்ணாடிச் சன்னல், திறக்காது. வாசல் கதவும் சிஸ்டர் கழுத்தில் தொங்குகிற அட்டையைக் காட்டினால்தான் திறக்கும்.

சிஸ்டர் தமயந்தி ஒரு அச்சடித்த புத்தகம் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மருந்து குடித்த நேரம், சாப்பிட்டது, உடம்புக்கு என்ன பண்ணியது என்று மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. எனக்குப் பேச்சு அதிகம், எழுத்தும் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு நிறுத்தியதால் எழுத்துப்பிழை இருக்கும், ஆனால் எழுத அலுக்காது. அதனால் கீழே கடையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். அவர்கள் கேட்பது அவர்கள் புத்தகத்தில், மற்றதெல்லாம் இதில்.

எதற்கு வந்தேன் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் மனது மாறினால் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் அப்பா வழியில் ஒரு தசை நோய் வருகிறது. அப்பாவுக்கு வந்தது. அண்ணனுக்கு வந்து மூச்சில் ஏறி இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டார். எனக்கு மெதுவாக வருகிறது. பதினோரு வருஷமாகக் கை தோளுக்கு மேல் போகாது. மதினிதான் தலை சீவிவிடுகிறாள். அண்ணன் மகள் வடிவுக்கு இருபத்திரண்டு வயசிலேயே வேகமாக வந்துவிட்டது. மூக்கில் மூச்சு மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்குகிறாள். எனக்குக் கட்டியவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவளைத் தூக்கி வளர்த்தது நான்.

டாக்டர் வைதேகி பொறுமையாகச் சொன்னார்கள். "உடம்புக்குத் தசையைக் கட்டச் சின்னச் சின்னச் செங்கல் மாதிரி சில சரக்கு வேணும்மா. அதுல ஒரு வகைக்குப் பேரு பிரிமிடின். உங்க குடும்பத்துல அது பத்தாம போகுது. நாங்க அதைப் பொடியா செஞ்சு தர்றோம். எலிக்கும் நாய்க்கும் குடுத்துப் பார்த்தாச்சு. மனுஷங்கள்ல நீங்க ஆறு பேருதான் முதல்."

"கொணமாகுமா டாக்டர்?"

"அது அப்புறம். கெடுதல் பண்ணுதான்னு பாக்குறதுதான் இப்போ வேலை. அதை நீங்கதான் சொல்லணும். ரத்தம் எல்லாத்தையும் சொல்லாது."

மொத்தம் இருபத்தெட்டு நாள் மருந்து. முதல் மூன்று வாரம் எங்களைப் பார்ப்பார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் அடுத்து ஆறு பேருக்கு, நோய் முற்றியவர்களுக்கு, அளவைக் கூட்டிக் கொடுப்பார்கள். அந்த ஆறில் வடிவின் பேர் இருக்கிறது.

உலகம்மா என்று கையெழுத்துப் போட்டேன். "எப்போ வேணும்னாலும் கிளம்பிப் போகலாம்மா, காரணம்கூடச் சொல்ல வேண்டாம்" என்றாள் சிஸ்டர். எங்கே போவது.

ஆடி 2, வியாழன்

முதல் மருந்து. வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கி மூன்று வேளை. சுண்ணாம்புத் தண்ணீரில் கற்கண்டு போட்ட மாதிரி இருக்கிறது. அம்மனை நினைத்து டம்ளரை நெற்றிக்கு நேராகத் தூக்கப் பார்த்தேன், முகவாய் வரைதான் வந்தது.

நாலாம் நம்பர் கட்டிலில் பிலோமினா டீச்சர். தூத்துக்குடிக்காரி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு பேரில் பெண்கள் நாங்கள் இருவர்தான். டீச்சர் சிலுவை போட்டுவிட்டு ஒரே மடக்கில் குடித்தார்.

"ஏளா, ஒங்க அம்மனும் எங்க மாதாவும் ஒரே மருந்துக்குள்ள எறங்குதாங்க. எடம் பத்துமா?"

"அவங்க சமாளிச்சுக்குவாங்க டீச்சர். நமக்குத்தான் வயிறு சின்னது."

ஆடி 3, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. விளக்கு ஏற்றக் கூடாதாம். ஆக்சிஜன் குழாய் இருக்கிறதாம்.

ஆடி 6, திங்கள்

வயிற்றுப்போக்கு. மூன்று தடவை என்று சொன்னேன். நிறம் கேட்டாள் சிஸ்டர். அளவு கேட்டாள். மிதந்ததா, முங்கியதா என்று கேட்டாள். இந்த வயசில் இதையெல்லாம் ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. டீச்சருக்கும் அப்படித்தான், ஆனால் அவர் "நேத்து நாலு, இன்னைக்கு ரெண்டு" என்று கணக்கு மாதிரி சொல்லிவிட்டார்.

எல்லாவற்றையும் அச்சடித்த புத்தகத்தில் எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

ஆடி 8, புதன்

வயிறு சரியாகிவிட்டது. இட்லி சாப்பிட்டேன். வடிவு போனில் பேசினாள். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். போன மாதம் ஆறு வார்த்தை.

ஆடி 12, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் சிஸ்டர் வர நேரமானது. தலை கலைந்து கிடந்தது. நானே சீப்பை எடுத்தேன். வழக்கமாகக் குனிந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு முன்மயிரை மட்டும் இழுத்துவிடுவேன். இன்றைக்குக் கை போனது. காதைத் தாண்டிப் போனது. உச்சிக்குப் போய் வகிட்டைத் தொட்டது.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். தலைக்கு மேல் சேர்ந்தன. பதினோரு வருஷமாக நெஞ்சுக்கு நேராகத்தான் கும்பிட்டேன், மரியாதை தெரியாதவள் மாதிரி. கையை இறக்கவே மனம் வரவில்லை.

டீச்சர் கட்டிலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னும் ஒண்ணும் வரல. சந்தோசம் ஒனக்கு. ஆனா மனசு செய்யுத வேலையாவும் இருக்கலாம்ளா" என்றார். டாக்டர் வந்து ஒரு கருவியை வைத்துக் கையை அளந்தார்கள். எத்தனை பாகை என்று எழுதினார்கள். முகம் மலர்ந்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். "இப்பவே முடிவு சொல்லக் கூடாதும்மா" என்றார்கள்.

வடிவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "தலைக்கு மேலயா அத்தே?" என்றாள்.

"தலைக்கு மேலட்டி."

ஆடி 13, திங்கள்

குளித்துவிட்டு வந்தேன். "வலது கால் செருப்பு எங்க?" என்று டீச்சர் கேட்டார். குனிந்து பார்த்தால் இல்லை. குளியலறை வாசலிலேயே கழன்று கிடந்தது. இந்தத் தரை ஏசியில் ஜில்லென்று இருக்கும், கால் மரத்திருக்கும்.

உடம்புக்கு என்ன பண்ணியது என்ற கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.

ஆடி 15, புதன்

இரண்டு உள்ளங்காலிலும் வெல்லப்பாகு ஊற்றிக் காய்ந்த மாதிரி இருக்கிறது. வலி கிடையாது. நடக்கும்போது தரை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும்.

முப்பத்தோரு வயசில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்கினேன். அண்ணன் காய்ச்சலில் கிடந்தார், அவருக்காக நேர்ந்துகொண்டது. கங்கில் நடந்து உள்ளங்கால் இரண்டும் கொப்புளமாகிவிட்டது. யாரிடமும் காட்டவில்லை. எங்கள் பக்கத்தில் பூக்குழி இறங்கினவள் கால் சுட்டது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவள் விரதத்தில் குறை இருந்தது என்றாகிவிடும், நேர்ந்த காரியமும் நடக்காது. பன்னிரண்டு நாள் அந்தக் காலோடு தண்ணீர் சுமந்தேன், களத்தில் நெல் காயப் போட்டேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் எழுந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இதுவும் அதே மாதிரிதான். வடிவுக்காக இறங்கியிருக்கிறேன். கரையேறும் வரைக்கும் கால் பேசக் கூடாது.

ஆடி 16, வியாழன்

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் காலைத் தொட்டார்கள். தொடும்போதெல்லாம் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். கணுக்காலில் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டர் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி ஒரே சீராகத் தொடுகிறவர்கள். கணுக்காலில் நாலு தடவை தொடும்போதே அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டது. அதே தாளத்தில் "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"நல்லா இருக்கும்மா" என்றார்கள்.

அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் கேட்டேன்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. ஊரில் இந்நேரம் ஆற்றங்கரையில் எலுமிச்சம் சோறு, புளிச் சோறு. இங்கே ரவை உப்புமா. வராந்தாவை நடந்து எண்ணினேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாற்பத்திரண்டு அடி. கண்ணாடிக்கு வெளியே ஒரு வேப்பமரம் ஆடுகிறது, சத்தம் மட்டும் உள்ளே வருவதில்லை.

"பிராது எதுவும் இருக்கா? கிளம்பணும்னு தோணுதா?" என்று சிஸ்டர் தினமும் கேட்கிறாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று தினமும் சொல்கிறேன். என்னைப் பார்த்துவிட்டு டீச்சரும் "ஒண்ணுமில்ல" என்கிறார்.

ஆடி 20, திங்கள்

இன்றைக்கு நானே கொண்டை போட்டேன். கொஞ்சம் சரிந்திருக்கிறது. சிஸ்டர் போட்டோ எடுத்து வடிவுக்கு அனுப்பினாள்.

ஆடி 22, புதன்

டாக்டர் எங்கள் ஆறு பேரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்துப் பேசினார்கள். மூன்று வாரம் முடிந்தது. ரத்தம் சரி, ஈரல் சரி, இதயம் சரி. முதல் வாரத்து வயிற்றுப்போக்கைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை அடுத்த ஆறு பேருக்குத் தொடங்குகிறார்கள். அளவு எங்களைப் போல ஒன்றரை மடங்கு.

மத்தியானம் வடிவு கூப்பிட்டாள். நான் சந்தோஷமாக ஆரம்பித்தேன், அவள் நிறுத்தினாள்.

"அத்தே, எனக்கு பயமா இருக்கு."

"என்னத்துக்குட்டி பயம்? நான் குடிச்சிட்டு இருக்கேன்ல?"

"காகிதத்துல இருவத்தஞ்சு பக்கம் எழுதியிருக்காங்க. பாதி புரியல. டாக்டர் சொல்லுதாங்க, அவங்க நல்லவங்கதான். ஆனா நீ சொன்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். ஒனக்கு ஏதும் பண்ணுச்சா?"

"வயித்தால போச்சு, சொன்னேனே."

"அது இல்ல. வேற?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமே பண்ணல."

"சரி, போடுதேன்" என்றாள்.

ஆடி 23, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஆடி 24, வெள்ளி

குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாளி நிறைந்து வழிந்தது, வழியட்டும் என்று ரவிக்கையைக் கசக்கிக்கொண்டே நின்றேன். கை கழுவ வந்த டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏளா, காலை எடு."

"என்ன டீச்சர்?"

"காலை எடுன்னு சொல்லுதேன்."

வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்திருக்கிறேன். வாளியிலிருந்து ஆவி பறக்கிறது. வழிகிற தண்ணீர் என் இரண்டு பாதத்தின் மேலும் ஓடிக்கொண்டிருக்கிறது. குனிந்து பார்த்தபோது கால் வேகவைத்த இறால் மாதிரி சிவந்திருந்தது. வேறு யாருடைய காலோ என்று இருந்தது.

டீச்சர் குழாயை மூடினார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்து ஈரத் துண்டைச் சுற்றினார். வைய ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். துண்டை மறுபடி நனைத்துக் கொண்டுவந்து சுற்றினார்.

"எத்தனை நாளா?" என்றார் கடைசியில்.

"ஒரு பத்து, பதினோரு நாளா."

"எது வரைக்கும்?"

"கணுக்கால் வரைக்கும்."

டீச்சர் தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். "எனக்கு வெரலும் முன்பாதமும். எட்டு நாளா."

"நீங்க ஏன் சொல்லல?"

"எனக்கு பதினாலு வருசமா சக்கரை. காலு மரத்தா சக்கரைதான்னு நெனச்சேன். மருந்தா இருக்குமோன்னு ஒருநா சந்தேகம் வந்துச்சு. அன்னைக்கு ஒன்னையப் பாத்தேன். 'ஒண்ணுமில்ல சிஸ்டர்'னு சிரிச்சிக்கிட்டு சொல்லுத. அதே மருந்துதான, இவளுக்கு இல்லன்னா எனக்கும் மருந்தால இல்லன்னு முடிவு கட்டிட்டேன்."

"நான் வடிவுக்காகத்தான் டீச்சர்..."

"தெரியும். சொன்னா என்ன ஆகும்?"

"நிப்பாட்டிருவாங்க. அவளுக்குக் கெடைக்காது. அவளுக்கு மூச்சு போய்க்கிட்டு இருக்கு டீச்சர்."

"சொல்லாட்டி?"

டீச்சரே சொன்னார்.

"சொல்லாட்டி அவளுக்கு ஒன்றரை மடங்கு கெடைக்கும். நாம ஆறே பேருதான் உலகம்மா. ஆறாயிரம் பேரு இல்ல. ஆறுல ரெண்டு பேரு பொய் சொன்னா அந்த டாக்டரு கையில என்ன மிச்சம் இருக்கு?"

பூக்குழி பற்றிச் சொன்னேன். கால் சுட்டதைச் சொன்னால் பலிக்காது என்று சொன்னேன். டீச்சர் கேலி செய்யவில்லை.

"அண்ணனுக்காக நீ எறங்குன. ஒனக்குப் பின்னால யாரும் அவரத் தூக்கிக் குழியில எறக்கலயே" என்றார்.

ஆடி 25, சனி

சொல்லிவிட்டேன். பஞ்சுத் தாளத்தையும் சொன்னேன். டீச்சரும் தன் காலைப் பற்றிச் சொன்னார்.

டாக்டர் வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த பேனாவை மூடினார்கள். திறந்தார்கள். "திங்கட்கிழமை கூட்டிக் குடுத்திருப்போம்மா" என்று மட்டும் சொன்னார்கள். அப்புறம் மறுபடி பஞ்சை எடுத்து, தாளம் இல்லாமல், சில தடவை தொடாமலேயே "தெரியுதா" என்று கேட்டுப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கமும் போய்ப் பார்த்தார்கள். அங்கே ஒருவருக்கு இருக்கிறது. அவரும் வயசாகிவிட்டது என்று நினைத்தாராம்.

எங்கள் ஆறு பேருக்கும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆறு பேருக்குத் தொடங்குவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"காலு சரியாகுமா டாக்டர்?"

"பெரும்பாலும் திரும்ப வரணும். எத்தனை நாள்ல, எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"கை?"

அதற்கு என் கையைத் தூக்கிக் கருவியை வைத்து மறுபடி அளந்து எழுதிக்கொண்டார்கள்.

ஆடி 26, ஞாயிறு

வடிவு போன் எடுக்கவில்லை. மதினி எடுத்தாள். "பையெல்லாம் கட்டி வச்சிருந்தா. டிரெயினுக்குப் போகணும்னு தலைக்குக் குளிச்சு ரெடியா இருந்தா. இன்னும் பத்து நாளு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா நீ? இல்லாட்டி மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். இரண்டும் நியாயமாகத்தான் இருந்தது.

ஆடி 29, புதன்

இருபத்தெட்டாம் நாள். ஆண்கள் மூன்று பேர் வீட்டுக்குப் போனார்கள். கால் மரத்த மூன்று பேரை மட்டும் நரம்புப் பரிசோதனைக்கு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். "கட்டாயம் இல்லம்மா, கிளம்பணும்னா கிளம்பலாம்" என்று சிஸ்டர் கதவை அட்டை காட்டித் திறந்தே காட்டினாள். போய் வடிவு முகத்தைப் பார்க்க வேண்டுமே. படுத்துக்கொண்டேன்.

ஆவணி 3, திங்கள்

கை காதோடு நின்றுவிட்டது. சிஸ்டரிடம் தலை சீவிவிடச் சொன்னேன்.

ஆவணி 7, வெள்ளி

டாக்டர் வந்து சொன்னார்கள். மேலே இருந்து இந்தச் சோதனையைக் கண்காணிக்கிற குழு எல்லாவற்றையும் படித்திருக்கிறது. மருந்தை மொத்தமாகத் தூக்கிப் போடவில்லை. ஆறு பேரில் நாலு பேருக்குத் தசையில் பலம் கூடியிருக்கிறது, அதுவும் பொய்யில்லை என்றார்கள். அடுத்த ஆறு பேருக்கு எங்களைவிடப் பாதி அளவில் தொடங்கலாம், வாரம் இரண்டு தடவை காலைச் சோதிக்க வேண்டும், மரத்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பாதி அளவில் பலம் வருமா என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாதாம். எல்லோரும் புதுக் காகிதத்தில் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், விருப்பம் இருந்தால்.

மத்தியானம் போன் அடித்தது. வடிவு. பன்னிரண்டு நாளுக்கு அப்புறம்.

"காகிதம் வந்திருக்கு" என்றாள். வாசித்தாள். "முதல் ஆறு பேரில் மூன்று பேருக்குப் பாதம் மரத்தது. அந்த மூணுல ஒண்ணு நீதான?"

"ஆமாட்டி."

"எங்கிட்ட ஒண்ணுமே பண்ணலன்ன."

"ஆமா."

மூச்சு வாங்கினாள். இப்போது மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை.

"கை எதுவரைக்கும் போச்சு? நெசத்தச் சொல்லு."

"தலைக்கு மேல. கொண்டை போட்டேன்ல, அது நெசம். இப்போ காது வரைக்கும் வந்துட்டு."

"காலு?"

"கணுக்கால் வரைக்கும். மூணு நாளா பெருவெரல்ல மட்டும் எறும்பு கடிக்க மாதிரி வருது. அது நல்லதுங்காங்க. வெந்நீர்ல வெந்தது ஆறிட்டு."

"நான் குடிக்கட்டா அத்தே?"

அம்மன் பார்த்துக்கொள்வாள், குடி என்று சொல்ல வாய் வந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வந்தது.

"எனக்குத் தெரியலட்டி."

"நீ இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றாள். அப்புறம், "தெனமும் ஏதோ நோட்டுல எழுதுதன்னு சிஸ்டர் சொன்னாங்க. அதை அனுப்பு. படிச்சிட்டு நானே முடிவு பண்ணிக்கிடுதேன்."

"அதுல வேண்டாததெல்லாம் கெடக்கும்."

"அதுதான் வேணும்."

சிஸ்டர் நாளைக்குக் கூரியரில் போடுகிறாளாம். இனி எழுதுவது உனக்கு, வடிவு.

ஆடி பதினைந்தில் உனக்காகத் தாங்குகிறேன் என்று எழுதியிருப்பேன். படிக்கும்போது உனக்கு அழுகை வரலாம். அழாதே, அது பாதிதான். ஆடி பன்னிரண்டில் கை உச்சியைத் தொட்டது. மறுநாளே கால் மரத்தது. சொன்னால் பொடியை நிறுத்திவிடுவார்கள், கை இறங்கிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் ஞாபகம் அதற்கு அப்புறம்தான் வந்தது. எவ்வளவு அப்புறம் என்று கேட்டால், ஒரு நாள் இருக்கும். அந்த ஒரு நாளை நான் எங்கேயும் எழுதவில்லை. இந்த நோட்டில் விட்டுப்போன நாள் வேறும் உண்டு, ஆனால் பதினான்காம் தேதியை வேண்டுமென்றேதான் விட்டேன்.

இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள். கை மேலே போனால் என்னைப் போன்றவளையே பொய் சொல்ல வைக்கும் மருந்து அது. உன்னையும் வைக்கும். நீ குடித்தால், கால் என்ன சொல்கிறதோ அதை அன்றைக்கே சொல்லிவிடு. குடிக்காவிட்டால் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

பக்கம் எதையும் கிழிக்கவில்லை. இது நடுவில் தைத்த நோட்டு, கிழித்திருந்தால் எதிர்ப்பக்கம் கழன்று வந்திருக்கும், நோட்டைத் தட்டிப் பார்த்துக்கொள்.